பகல் ஒன்றேகாலா, இரவு ஒன்றேகாலா?

பெங்களூர் சாஃப்ட்வேர் இன்ஜினீயர் ஒருவரை புனே போலீஸார் கைது செய்தது 2007 ஆகஸ்ட் 31ஆம் தேதி. அப்போது இளைஞர்களிடையே பிரபலமாக இருந்த ஆர்குட் இணையதளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படங்களை யாரோ வெளியிட்டிருந்தார்கள். மகாராஷ்டிரத்தில் சிவாஜி என்பது வெறும் சரித்திரப் பெயரல்ல. படத்தைப் போட்டவர் இவர்தான் என்றது போலீஸ். கண்ணால் கண்ட சாட்சி யாரும் இல்லை. போலீஸை பெங்களூர் வரை கொண்டுவந்தது ஒரு எண்ணும், அந்த எண்ணுக்கு நேராக எழுதப்பட்ட ஒரு பெயரும்தான்.

எண்ணைக் கொடுத்தது கூகுள். ஆர்குட் அதன் சொத்து. 2014இல் அதை மூடிவிட்டார்கள். குறிப்பிட்ட நேரத்தில் அந்த எண் எந்த வாடிக்கையாளரிடம் இருந்தது என்று இணைப்பு வழங்கிய ஏர்டெல் நிறுவனத்திடம் கேட்கப்பட்டது. ஒரு பெயர் வந்தது. பெயருக்கு உரியவர் புனேவுக்குக் கொண்டுபோகப்பட்டார். 50 நாள் காவலில் இருந்தார். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, அந்த எண் அவருடையதே அல்ல என்பது. படம் ஏற்றப்பட்ட நேரம் 1.15. அது பகல் ஒன்றேகாலா, நள்ளிரவு கடந்த ஒன்றேகாலா என்பது ஏர்டெலுக்குப் போன கோரிக்கையில் தெளிவாகக் குறிப்பிடப்படவில்லை என்று பிறகு சொல்லப்பட்டது. சந்தேகம் எழுந்தபோது திருப்பிக் கேட்டிருக்கலாம். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பத்திரிகைச் செய்திகளைப் பார்த்து மகாராஷ்டிர மாநில மனித உரிமை ஆணையம் தானாகவே இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டது. அவருக்கு 2 லட்ச ரூபாய் கொடுக்கும்படி ஏர்டெலுக்கு உத்தரவிட்டது. நாள் ஒன்றுக்கு 4,000 ரூபாய்! அன்றைய பெங்களூரில் அனுபவமுள்ள ஒரு சாஃப்ட்வேர்காரரின் தினக்கூலி என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். சிறைவாசத்துக்கான விலை என்று சொல்ல நாக் கூசும்.

அந்த எண்ணின் பெயர் ஐ.பி. முகவரி. முகவரி என்று சொல்லிப் பழகிவிட்டதால் அது வீட்டுக் கதவில் அடித்து வைத்த எண் போல நிலையானது என்ற பிரமை ஏற்படுகிறது. உண்மையில் அது கோயில் வாசலில் செருப்பு விடும்போது கொடுக்கும் டோக்கன் மாதிரி. காலையில் ஒருவரிடம் இருக்கும் டோக்கன் மாலையில் இன்னொருவரிடம் இருக்கும். இணைப்பு துண்டிக்கப்பட்டு மீண்டும் வரும்போது நிறுவனம் கையில் கிடைத்த எண்ணைக் கொடுக்கிறது. ஆகவே எண்ணை மட்டும் சொன்னால் போதாது, நேரத்தையும் சொல்லவேண்டும். அதிலும் சிக்கல் உண்டு. பல வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் பதிவேட்டை கிரீன்விச் நேரத்தை ஒட்டி எழுதுகின்றன. அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால்தான் இந்திய நேரம். கூட்டல் கணக்கில் தவறினால் தட்டப்படும் கதவு மாறிப்போகும்.

இப்போது நிலைமை இன்னும் குழப்பம். பழைய முறையில் உலகம் முழுவதற்கும் உள்ள எண்கள் சுமார் 429 கோடிதான். செல்போன் யுகத்தில் இது எந்த மூலைக்கு? எனவே நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே எண்ணுக்குப் பின்னால் நிறுத்தும் முறை வந்துவிட்டது. செல்போனில் இணையம் பார்ப்பவர் அந்த நேரத்தில் யார் யாருடன் எண்ணைப் பகிர்ந்துகொள்கிறார் என்பது அவருக்கே தெரியாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போல, அறிமுகமில்லாத சகபயணிகள்.

பெங்களூர் இன்ஜினீயரின் கதையைக் கேட்ட பலரும் அப்போது எடுத்த முடிவு ஒன்றுதான்: எண்ணை மறைத்துவிடுவது நல்லது. அதற்கான கருவி அப்போதே கைவசம் இருந்தது. ப்ராக்ஸி சர்வர்.

கல்லூரிக்குப் போனவர்களுக்கு ப்ராக்ஸி என்ற சொல் புதிதல்ல. சினிமாவுக்குப் போய்விட்ட நண்பனுக்காக, குரலைச் சற்று மாற்றி, 'உள்ளேன் ஐயா' சொல்வதுதான் ப்ராக்ஸி. வாத்தியாரின் பதிவேட்டில் நண்பன் வகுப்பில் இருக்கிறான். கம்ப்யூட்டர் ப்ராக்ஸியும் ஏறத்தாழ இதுவே. பார்க்க விரும்பும் இணையதளத்துக்கு நேரடியாகப் போகாமல், நடுவில் உள்ள ஒரு கம்ப்யூட்டரிடம் 'எனக்காக நீ போய் வாங்கி வா' என்று சொல்வது. தளத்தின் பதிவேட்டில் விழுவது இடையாளின் எண். அனுப்பியவரின் எண் அல்ல.

மருந்துக் கடைக்கு ஆள் அனுப்புவதை யோசித்துப் பார்த்தால் இன்னும் விளங்கும். தெருக்கோடிக் கடைக்காரருக்குத் தெரியக்கூடாத மருந்து ஒன்று வேண்டும். அடுத்த வீட்டுப் பையனை அனுப்பினால் கடைக்காரர் பையனைத்தான் பார்ப்பார். ஆனால் பையனுக்கு எல்லாம் தெரியும்: யாருக்கு, என்ன மருந்து, எத்தனை முறை. பையன் வெகுளியாக இருந்து, 'மாடி வீட்டு அம்மா அனுப்பினாங்க' என்று கடையில் சொல்லிவிட்டால் வேலை கெட்டது. இப்படிச் சொல்லிவிடும் ப்ராக்ஸிகள் நிறைய உண்டு. கோரிக்கையோடு சேர்த்து, அனுப்பியவரின் உண்மையான எண்ணையும் ஒரு வரியில் எழுதிக் கொடுத்துவிடும். தொழில்காரர்கள் இவற்றை 'வெளிப்படையான' ப்ராக்ஸி என்கிறார்கள். இன்னொரு வகை, எண்ணைச் சொல்லாது, ஆனால் 'நான் வேறொருவருக்காக வந்திருக்கிறேன்' என்பதை ஒப்புக்கொள்ளும். எதையுமே சொல்லாதது மூன்றாவது வகை.

மருந்துச் சீட்டை ஒட்டிய உறையில் வைத்து அனுப்பலாம். இணைய முகவரியில் 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று கடைசியில் வரும் எஸ் அந்த உறைதான். உறை ஒட்டியிருந்தால் எந்தக் கடைக்குப் போகச் சொன்னார்கள் என்பது மட்டும் பையனுக்குத் தெரியும், சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது. இன்று பெரும்பாலான தளங்கள் இப்படித்தான் இயங்குகின்றன. ஆனால் 'இந்த ஆண்டில் எந்த மருத்துவமனைத் தளங்களுக்குப் போனார்' என்ற பட்டியல் ஒன்றே ஒருவரைப் பற்றிப் போதுமான அளவு சொல்லிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், பெங்களூரில் ப்ராக்ஸி சர்வர் முதலில் வந்தது எதையும் மறைப்பதற்காக அல்ல. வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று. டெலிபோன் வழியாக மோடம் கீச்சிட்டு, ஒரு படம் இறங்குவதற்குள் காபி ஆறிப்போகும் காலம். ஒரே இணைப்பைப் பத்துப் பேர் பகிர்ந்துகொள்ள ஒரு வழி தேவைப்பட்டது. விண்கேட் போன்ற ப்ராக்ஸி சாஃப்ட்வேர் அதற்கு உதவியது. பிரிகேட் ரோடும் எம்.ஜி. ரோடும் சைபர் கஃபேக்களால் நிறைந்த நாட்களில், உள்ளே வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் அனைவரும் வெளியுலகுக்கு ஒரே எண்ணாகத்தான் தெரிந்தார்கள். கல்லூரிகளிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் ஸ்க்விட் என்ற இலவச ப்ராக்ஸி ஓடியது. ஒருவர் பார்த்த பக்கத்தை அது நகலெடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்தவர் கேட்டால் அமெரிக்கா வரை போகாமல் நகலைக் கொடுக்கும். சிக்கனம்தான் நோக்கம்.

சிக்கனத்துக்கு வைத்த ஆள் சீக்கிரமே வாசற்காவலாளி ஆகிவிட்டார். எல்லாப் போக்குவரத்தும் ஒரே இடத்தைத் தாண்டிப் போகிறதென்றால் அங்கே நின்று வேடிக்கை பார்ப்பதும் தடுப்பதும் சுலபம். ஹாஸ்டல் மாணவர்கள் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற ஸ்க்விட்டின் பக்கத்தைப் பார்த்தே ஆங்கிலம் கற்றார்கள் என்று சொன்னால் அது முழுக்கக் கேலியல்ல. எலெக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் அவுட்டர் ரிங் ரோடிலும் இன்று வேலைக்குப் போகும் லட்சக்கணக்கானவர்களில் பலரும் காலையில் லேப்டாப்பைத் திறந்த கணத்திலிருந்து ஏதோ ஒரு ப்ராக்ஸியின் பார்வையில்தான் இருக்கிறார்கள். ஆபீஸ் கொடுத்த கம்ப்யூட்டரில் ஆபீஸின் நம்பிக்கைச் சான்றிதழ் ஒன்று முன்கூட்டியே பதிக்கப்பட்டிருந்தால், ஒட்டிய உறையைக்கூட நடுவழியில் பிரித்துப் படித்து மீண்டும் ஒட்டி அனுப்பமுடியும். வங்கித் தளங்களை மட்டும் பிரிக்காமல் விடும் நிறுவனங்கள் உண்டு. எதை விடுவது, எதைப் பிரிப்பது என்பது முதலாளியின் தீர்மானம். வீட்டில் வி.பி.என். வாங்கி வைத்துக்கொண்டு, வேலை தேடும் விண்ணப்பத்தை ஆபீஸ் லேப்டாப்பில் தட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இடையாளை நம்பியவர்களின் சரித்திரம் நீளமானது. அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியதும்கூட. 1990களில் பின்லாந்தில் யோஹான் ஹெல்சிங்கியஸ் என்பவர் தனியாளாக ஒரு சேவை நடத்தினார். அதன் மூலம் கடிதம் அனுப்பினால் பெயரை நீக்கிவிட்டு ஒரு புனை எண்ணோடு அனுப்பிவைக்கும். உலகெங்கும் லட்சக்கணக்கானவர்கள் பயன்படுத்தினார்கள். மதுப் பழக்கத்திலிருந்து மீள்பவர்கள், பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள், மேலதிகாரியின் ஊழலைச் சொல்ல விரும்பியவர்கள் எல்லாம் இப்படிப்பட்ட சேவைகளைத் தேடி வந்தார்கள். ஆனால் எந்தப் புனை எண் யாருடையது என்ற பட்டியல் அவரிடம் இருந்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் பதில் கடிதம் எப்படிப் போய்ச் சேரும்? 1995இல் சயன்டாலஜி அமைப்பின் புகாரின்பேரில் பின்லாந்து போலீஸ் வந்தது. ஒரு பெயரைக் கொடுக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு, இனியும் யாருக்கும் உத்தரவாதம் தரமுடியாது என்று அவரே சேவையை மூடிவிட்டார். இந்தத் தொழிலில் இவரைவிட நாணயமான ஆளைக் காட்டுவது கஷ்டம்.

மற்றவர்கள் அப்படியில்லை. 'ஹைட் மை ஆஸ்' என்ற பிரிட்டிஷ் நிறுவனம் ஆளை மறைப்பதையே வியாபாரமாக நடத்தியது. லல்ஸ்செக் என்ற ஹேக்கர் குழுவைச் சேர்ந்த ஒருவர் அதை நம்பினார். 2011இல் கோர்ட் உத்தரவு வந்ததும் நிறுவனம் பதிவேட்டை நீட்டியது. சட்டப்படி அது சரியான செயல்தான். 'நாங்கள் பதிவேடு வைப்பதில்லை' என்ற விளம்பர வாசகம் அதன் பிறகு இந்தத் தொழிலில் பெருகியதும் இயல்புதான். உண்மையிலேயே வைப்பதில்லையா என்பதை வாடிக்கையாளர் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. வெளியாரை வைத்துத் தணிக்கை செய்துகொள்ளும் நிறுவனங்கள் சில உண்டு. அதுவும் தணிக்கை நடந்த அன்றைய நிலவரம் மட்டுமே.

இலவசமாகக் கிடைப்பது இன்னும் மோசம். இஸ்ரேலைச் சேர்ந்த ஹோலா என்ற இலவசச் சேவையைப் பல கோடிப் பேர் இறக்கிக்கொண்டார்கள். 2015இல் விஷயம் வெளியே வந்தது: பயன்படுத்துகிறவர்களின் வீட்டு இணைப்பையே மற்றவர்களுக்கு ப்ராக்ஸியாக வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தது அந்த நிறுவனம். அதாவது, தன் எண்ணை மறைக்க வந்தவரின் எண்ணை முகமூடியாக மாட்டிக்கொண்டு வேறு யாரோ ஊர் சுற்றினார்கள். 2024 மே மாதம் அமெரிக்க அரசு ஒழித்துக்கட்டிய '911 எஸ்5' என்ற வலையில் 1 கோடியே 90 லட்சம் ஐ.பி. முகவரிகள் சிக்கியிருந்தன. அவற்றின் சொந்தக்காரர்களில் ஏராளமானவர்கள் செய்த ஒரே தப்பு, இலவச வி.பி.என். ஒன்றை இறக்கிக்கொண்டது. ஃபேஸ்புக் 2013இல் வாங்கிய ஒனாவோ கதை வேறு மாதிரி. 'உங்கள் அந்தரங்கத்தைக் காப்போம்' என்று சொன்ன அந்த வி.பி.என். வழியாக, மக்கள் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்பதை ஃபேஸ்புக் கவனித்துக்கொண்டிருந்தது. ஆப்பிள் நிறுவனம் ஆட்சேபித்த பிறகு 2018இல் அதன் கடையிலிருந்து ஒனாவோ விலக்கிக்கொள்ளப்பட்டது. வேலிக்குப் பயிர் கொடுத்த சம்பளம் அதுவரை கணக்கில் வரவில்லை.

ஒரே இடையாளை நம்புவதில் உள்ள ஆபத்தைத் தவிர்க்க வந்ததுதான் டோர். அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக் கூடத்தில் 1990களின் நடுவில் பிறந்த யோசனை. கோரிக்கையை வெங்காயச் சருகு போல மூன்று உறைகளில் போட்டு மூன்று பேர் கைமாற்றி அனுப்புவது. முதல் ஆளுக்கு அனுப்பியவர் தெரியும், போகுமிடம் தெரியாது. மூன்றாம் ஆளுக்குப் போகுமிடம் தெரியும், அனுப்பியவர் தெரியாது. நடுவிலிருப்பவருக்கு இரண்டுமே தெரியாது. உளவாளிகளுக்காக யோசித்ததை ஊருக்கே கொடுத்துவிட்டார்கள். கடற்படைக்காரர்கள் மட்டும் பயன்படுத்தினால் அதை வைத்தே அவர்களை அடையாளம் கண்டுவிடலாம் அல்லவா? கூட்டம் இருந்தால்தான் கூட்டத்தில் ஒளியமுடியும். வேகம் குறைவு என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

சரி, அந்த பெங்களூர் இன்ஜினீயர் 2007இல் ப்ராக்ஸி பயன்படுத்தியிருந்தால் தப்பித்திருப்பாரா? மாட்டார். அவர் அந்தப் படத்தைப் போடவே இல்லை. அவருடைய எண் எங்கும் தவறாக வெளிப்படவில்லை. வேறு ஒருவரின் எண்ணுக்கு நேராக அவர் பெயரை நிறுவனம் எழுதிக் கொடுத்துவிட்டது. தன்னை மறைத்துக்கொள்ளும் கருவி எதுவும் அடுத்தவரின் கணக்குப் பிழையிலிருந்து காப்பாற்றாது. நிரபராதிகள் மறைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று சொல்பவர்களும், மறைத்துக்கொண்டால் போதும் என்று சொல்பவர்களும் இந்த வழக்கில் சேர்ந்தே தோற்கிறார்கள்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 2008 ஜூலை 26 அன்று ஆமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஒரு மின்னஞ்சல் வந்தது. எண்ணைப் பின்தொடர்ந்த போலீஸ் நவி மும்பையில் வசித்த ஒரு அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றது. பாஸ்வேர்ட் போடாத அவருடைய வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். வீட்டுக்காரருக்குத் தெரியாமலே வீடு ப்ராக்ஸியாகியிருந்தது.

போலீஸின் தலைவலியையும் குறைத்துச் சொல்வதற்கில்லை. 2023 டிசம்பர் 1 காலை பெங்களூரில் நாற்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு குண்டு மிரட்டல் மின்னஞ்சல்கள் வந்தன. பிள்ளைகளை விட்டுவிட்டு ஆபீஸ் போய்ச் சேராத பெற்றோர் டிராஃபிக்கில் அப்படியே வண்டியைத் திருப்பினார்கள். எல்லாம் வெறும் புரளி. 2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகளுக்கும் இதே அனுபவம். பல மாநிலங்களுக்கு இப்படி மிரட்டல் அனுப்பியதாக 2025 ஜூனில் ஆமதாபாத் சைபர் க்ரைம் போலீஸ் கைது செய்தது சென்னையைச் சேர்ந்த பெண் இன்ஜினீயர் ஒருவரை. தன்னை மணக்காத சக ஊழியரை மாட்டிவிடுவதற்காக அவர் பெயரில் அனுப்பினார் என்பது போலீஸ் தரப்பு. வி.பி.என்., டோர் எல்லாம் பயன்படுத்திய அவர் பிடிபட்டதற்கு அவர்கள் சொல்லும் காரணம் சாதாரணமானது: பொய்க் கணக்கையும் சொந்தக் கணக்கையும் ஒரே கம்ப்யூட்டரில் திறந்தாராம். குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட வேண்டியது கோர்ட்டில். ஆனால் இதிலுள்ள தொழில்நுட்பப் பாடம் சரியானது. எண்ணை மறைத்துவிட்டுச் சொந்த ஜிமெயில் கணக்கில் நுழைவது, முக்காடு போட்டுக்கொண்டு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதைப் போல. குக்கிகள், திரையின் அளவு, நிறுவியிருக்கும் எழுத்துருக்கள், பிரவுசரின் பதிப்பு என்று ஆளை அடையாளம் காட்டும் சில்லறை விஷயங்கள் எத்தனையோ இருக்கின்றன. எண் அவற்றில் ஒன்று மட்டுமே.

அரசு பதில் சொன்னது தன் பாணியில்தான். 2004இலேயே கர்நாடகம் சைபர் கஃபேக்களுக்கு விதிமுறை கொண்டுவந்தது. வருகிறவரின் அடையாளத்தைக் குறித்துவைக்க வேண்டும். 2011இல் மத்திய அரசும் இதே போன்ற விதிகளை நாடு முழுவதற்கும் விதித்தது. கஃபேக்களோ ஒவ்வொன்றாக மறைந்து, ஆதார் நகலெடுக்கும் கடைகளாக மாறிக்கொண்டிருந்தன. பிறகு 2022 ஏப்ரல் 28 அன்று, கம்ப்யூட்டர் அவசரநிலைகளைக் கவனிக்கும் மத்திய அமைப்பான செர்ட்-இன் ஒரு ஆணை பிறப்பித்தது. வி.பி.என். சேவை தருபவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், கொடுத்த ஐ.பி. முகவரி, எதற்காகச் சேவை பெறுகிறார் என்பது உட்பட எல்லாவற்றையும், அவர் விலகிய பிறகும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆபீஸ்கள் தங்கள் ஊழியர்களுக்காக நடத்தும் வி.பி.என்.களுக்கு இது பொருந்தாது என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. பெங்களூரின் ஐ.டி. நிறுவனங்கள் பெருமூச்சு விட்டன.

பதிவேடு வைப்பதில்லை என்று சொல்லியே விற்பவர்களிடம் பதிவேடு கேட்டால் என்ன ஆகும்? எக்ஸ்பிரஸ் வி.பி.என்., சர்ஃப்ஷார்க், நார்ட் வி.பி.என். ஆகியவை சில வாரங்களுக்குள் இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை அகற்றின. பிடிக்காதவர்கள் வெளியேறலாம் என்று அப்போதைய இணை அமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் சொல்லியிருந்தார்; கர்நாடகத்திலிருந்து ராஜ்யசபாவுக்குப் போனவர், அரசியலுக்கு முன் பெங்களூரில் தொழில் நடத்தியவர். எக்ஸ்பிரஸ் வி.பி.என். சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் சர்வரை வைத்துக்கொண்டு இந்திய எண்ணைக் கொடுக்கத் தொடங்கியது. ஜெயநகரில் உட்கார்ந்து மல்லேஸ்வரத்துக் கடையின் தளத்தைப் பார்ப்பவரின் கோரிக்கை கடல் தாண்டிப் போய் இந்தியனாகத் திரும்பி வருகிறது.

அதே ஆணையில் அதிகம் பேசப்படாத பிரிவு ஒன்று உண்டு. எல்லா நிறுவனங்களும் தங்கள் கம்ப்யூட்டர்களின் கடிகாரத்தை தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துவைக்க வேண்டும். நல்ல யோசனை, சந்தேகமில்லை. பதினைந்து வருடம் முந்தி வந்திருந்தாலும் அந்த இன்ஜினீயருக்கு உதவியிருக்காது. பிழை கடிகாரத்தில் இல்லை, காகிதத்தில்.

பதிவேடு பெருகுவதைக் கண்டு கவலைப்படுபவர்களை ஏதோ குற்றவாளிகளின் வக்கீல்கள் என்று ஒதுக்கும் போக்கு உண்டு. அப்படி நினைப்பவர்கள் கே.எஸ். புட்டசாமியை நினைத்துக்கொள்ளலாம். கர்நாடக ஹைகோர்ட்டின் ஓய்வுபெற்ற நீதிபதி; பெங்களூர்வாசி. ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012இல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனபோது அவருக்கு 86 வயது. அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமையே அல்ல என்று மத்திய அரசு வாதாடியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அது அடிப்படை உரிமைதான் என்று தீர்ப்பளித்தார்கள். மறுவருடம் ஆதார் திட்டத்தையே ரத்து செய்ய கோர்ட் மறுத்துவிட்டது வேறு விஷயம். 2024 அக்டோபரில், 98 வயதில் அவர் காலமானார். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அரசு அமைப்புகளுக்கு அதில் தாராளமான விலக்குகள் இருக்கின்றன.

ஆக, யாருக்கு இந்த இடையாள் வேண்டும்? ரயில் நிலையத்திலோ காபிக்கடையிலோ இலவச வைஃபையில் அமர்பவருக்கு வி.பி.என். ஓரளவு பயன்படும். ப்ராக்ஸி பொதுவாக ஒரு பிரவுசரின் போக்குவரத்தை மட்டும் மாற்றிவிடும், அதையும் பூட்டாமலே அனுப்பக்கூடும், வி.பி.என். கருவியின் மொத்தப் போக்குவரத்தையும் பூட்டி அனுப்புகிறது. கணவனிடமிருந்து தப்ப வழி தேடும் பெண், அவன் கட்டணம் கட்டும் வீட்டு இணைப்பில் தேடும்போது அவசியம் வேண்டும். அதைவிட, அவன் தொடாத போன் ஒன்று வேண்டும். தகவல் தருபவரைக் காப்பாற்ற வேண்டிய நிருபருக்கு வி.பி.என். போதாது, டோர் தேவை. வெளிநாட்டுக் கிரிக்கெட் ஒளிபரப்பைப் பார்ப்பதற்காக வாங்குபவர்கள்தான் வாடிக்கையாளர்களில் கணிசமானவர்கள். அவர்களுக்கு இந்தத் தத்துவம் எதுவும் தேவையில்லை. இந்தியாவில் வி.பி.என். பயன்படுத்துவது பொதுவாகச் சட்டவிரோதம் அல்ல. காஷ்மீரில் அவ்வப்போது தடை விதித்திருக்கிறார்கள். 2020 பிப்ரவரியில் வழக்கே பதிவு செய்தார்கள்.

வாங்கியவர்கள் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்வது இரண்டு நிமிட வேலை. இணைப்பதற்கு முன் தன் ஐ.பி. முகவரியைக் காட்டும் தளம் ஒன்றில் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இணைத்த பின் மறுபடி பார்க்கவேண்டும். தளங்களின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். கோரிக்கை பழைய நிறுவனத்துக்கே போகிறதா என்பதையும் சோதித்துக் காட்டும் தளங்கள் இருக்கின்றன. எண் மாறியும் இது மாறாமல் இருப்பது அடிக்கடி நடக்கிறது. அப்படியிருந்தால் செட்டிங்ஸில் போய்த் திருத்திப் பார்க்கலாம். சரியாகவில்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பெரிய நிறுவனங்கள் பலவும் அதற்கு 30 நாள் தருகின்றன.